ஊட்டியில் 28 அறை லாட்ஜுக்கு வெந்நீர்: எத்தனை லிட்டர், எந்த மெஷின்?

கேள்வி கேட்டவர் ஊட்டியில் 28 அறைகள் கொண்ட லாட்ஜை அப்பாவிடமிருந்து எடுத்து நடத்துகிறார். குளியலறைக்கு ஒன்றாக 15 லிட்டர் கீசர் இருக்கிறது. குடும்பமாக வந்து தங்குகிறவர்கள் "முதல் ஆளுக்கு மட்டும்தான் வெந்நீர் வருது" என்று ரிசப்ஷனில் வந்து நிற்கிறார்கள். சீசன் காலையில் மெயின் வேறு டிரிப் ஆகிறது. எல்லா கீசரையும் கழற்றிவிட்டு மாடியில் பெரிய கமர்ஷியல் ஹீட்டர் வைத்துவிடலாம் என்று மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்: 2,000 லிட்டர் சோலார், ஹீட் பம்ப், கேஸ் ஹீட்டர். மூன்றில் எது நல்லது என்பது அவர் எழுதியிருக்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் மெஷின் வந்த பிறகும் புகார் நிற்காது. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். அறை எல்லாம் நிரம்பிய ஒரு நாளில், காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள், கடைசி அறையில் தங்கியிருக்கும் கடைசி ஆளுக்கும் சூடு குறையாமல் தண்ணீர் வர என்னென்ன வேண்டும்? நான் 22 வருடமாகக் கோவையில் இருந்துகொண்டு லாட்ஜ், ஹாஸ்டல், மருத்துவமனை வெந்நீர் வேலைகள் செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் மலை வேலைதான். மெஷின் தப்பாகப் போய் நான் கூப்பிடப்பட்ட இடங்கள் குறைவு. கணக்கு தப்பாகப் போனதும் பைப் தப்பாகப் போனதும்தான் அதிகம்.

முதலில் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் கரண்ட் என்பது 860 கிலோ கலோரி. இந்த இரண்டு எண்ணும் எந்தக் கம்பெனி மெஷினுக்கும் மாறாது. குளிக்க இதமான சூடு 40 டிகிரி. டேங்கில் 60 டிகிரியில் வைத்திருப்போம், குழாயில் பச்சைத் தண்ணீர் கலந்து 40 ஆக்கிக்கொள்வோம். கோவையில் பச்சைத் தண்ணீரே 28 டிகிரி இருக்கும். அங்கே 20 லிட்டர் பக்கெட் நிரம்ப ஏழரை லிட்டர் வெந்நீர் போதும். ஊட்டியில் டிசம்பர் காலை மேல்தொட்டியில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தபோது எனக்கு 12 டிகிரி காட்டியது. அந்தத் தண்ணீரில் அதே பக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட 12 லிட்டர் வெந்நீர் போகும். சூடாகக் கணக்குப் பார்த்தால் ஒரே பக்கெட்டுக்கு ஊட்டியில் இரண்டே கால் மடங்குக்கு மேல் செலவு. கீழே சமவெளியில் "ஆளுக்கு இத்தனை லிட்டர்" என்று அட்டவணை வைத்துக்கொண்டு கொட்டேஷன் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். உங்கள் மூன்று கொட்டேஷனிலும் பச்சைத் தண்ணீரின் வெப்பம் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த லிட்டர் எண்ணை நம்ப வேண்டாம்.

இப்போது இருக்கும் கீசர் ஏன் போதவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். 15 லிட்டர் 60 டிகிரி தண்ணீர், குளிக்கிற சூட்டில் 26 லிட்டர் ஆகும். ஒரு பக்கெட்டும் இரண்டு மூன்று சொம்பும், அவ்வளவுதான். மறுபடி சூடேற 2 கிலோவாட் காயிலுக்கு 25 நிமிடம் வேண்டும். நான்கு பேர் குடும்பம் ஒன்பது மணிக்கு தொட்டபெட்டா கிளம்ப வேண்டும் என்றால் மூன்றாவது ஆள் குளிர்ந்த தண்ணீரில்தான் நிற்பார். 28 கீசரும் ஒரே நேரத்தில் ஓடினால் 56 கிலோவாட். உங்கள் மெயின் டிரிப் ஆவதில் ஆச்சரியமே இல்லை.

சரி, உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? நிரம்பிய நாளில் 64 பேர் என்று வைத்துக்கொள்கிறேன். பக்கெட்டில் குளிப்பவர் ஆளுக்கு 22, 23 லிட்டர் வெந்நீர் எடுப்பார். ஷவரில் எட்டு நிமிடம் நிற்பவர் 37 லிட்டர் எடுப்பார், அதுவும் நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் சாதாரண ஷவர் என்றால். பெரிய மழை ஷவர் மாட்டியிருந்தால் அந்த அறைக்கு இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளுங்கள். சராசரியாக ஆளுக்கு 35 லிட்டர் வைத்தால் 2,240. சமையலறை, துணி, கூட்டிப் பெருக்கித் துடைப்பதற்கு 300 சேர்த்தால் ஒரு நாளைக்கு 2,500 லிட்டர். இதில் குளியல் தண்ணீரின் முக்கால் பங்கு காலை மூன்று மணி நேரத்தில் போய்விடும், ஏறக்குறைய 1,700 லிட்டர். நான் வேலை செய்த மலை லாட்ஜ்களில் பெரும்பாலும் இந்தப் பங்கைத்தான் பார்த்திருக்கிறேன். உங்களிடம் கல்லூரி டூர் பஸ் வருகிறது என்றால் இன்னும் மோசம். ஒரே மணி நேரத்தில் எல்லாரும் குளிப்பார்கள்.

டேங்க் அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. 2,000 லிட்டர் டேங்கிலிருந்து 2,000 லிட்டர் வெந்நீர் வராது. மேலே வெந்நீர் போகப் போக அடியில் பச்சைத் தண்ணீர் ஏறுகிறது, இரண்டும் ஓரளவு கலந்துவிடும். நூற்றுக்கு எண்பதுதான் உருப்படியாகக் கிடைக்கும், அதாவது 1,600. காலையில் 1,700 வேண்டும். மாலையில் குளித்தவர்கள் எடுத்தது தனிக்கணக்கு. ஆகவே 2,000 லிட்டர் சோலார் மட்டும் என்ற கொட்டேஷன் நிரம்பிய நாளில் உங்களைக் காப்பாற்றாது. அதே 2,000 லிட்டர் டேங்கோடு, தண்ணீர் இறங்க இறங்கச் சூடேற்றிக்கொண்டே இருக்கும் ஒரு மெஷின் இருந்தால் காப்பாற்றும். டேங்கை ஒன்றாக வாங்காமல் ஆயிரம் ஆயிரமாக இரண்டு வாங்கி, ஒன்றின் வெந்நீர் அடுத்ததற்குப் போகும்படி வரிசையாக இணையுங்கள். கலப்பு குறையும், படிக்கட்டில் ஏற்றுவதும் சுலபம், ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது லாட்ஜை மூட வேண்டியதில்லை.

இனி மெஷின். 2,500 லிட்டரை 12-இலிருந்து 60-க்கு ஏற்ற 140 யூனிட் சூடு வேண்டும். சாதாரண காயில் என்றால் 140 யூனிட் கரண்ட், அதற்கு மேல் டேங்கும் பைப்பும் இழக்கும் சூடு. ஹீட் பம்ப் காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுவதால் அதே வேலைக்கு 50-இலிருந்து 60 யூனிட் எடுக்கும். கடைசியாக வந்த மின் பில்லில் யூனிட் விலையைப் பார்த்து இரண்டையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். விலைப் பட்டியல் அடிக்கடி மாறுவதால் நான் ரூபாயில் எழுதவில்லை.

ஆனால் ஹீட் பம்ப் விற்பவர் "ஒரு யூனிட் போட்டால் நாலு யூனிட் சூடு" என்று சொல்லியிருப்பார். அது காற்று 25, 30 டிகிரி இருக்கும் ஊருக்கான எண். ஊட்டியில் ஜனவரி விடியற்காலை காற்று உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும், புல்லில் உறைபனி படியும். அந்த நேரத்தில் மெஷினை ஓட்டினால் வெளிக்காயிலில் பனி பிடித்துக்கொள்ளும். அதை உருக்க மெஷின் தன் வேலையை நிறுத்திவிட்டுத் திருப்பி ஓடும். பலனும் இரண்டுக்குப் பக்கமாக இறங்கிவிடும். இதற்கு வழி சுலபம். மதியம் பதினொன்றிலிருந்து மாலை ஏழு வரை, வெயிலும் காற்றும் கொஞ்சம் இதமாக இருக்கும்போது ஓட்டி டேங்கை நிரப்பிவையுங்கள். டேங்க் நல்ல காப்போடு இருந்தால் இரவில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறங்காது. காலை நேரத்தில் குறைகிறதை ஈடுகட்ட மட்டும் மறுபடி ஓடட்டும். 18 கிலோவாட் சூடு தரும் ஒரே மெஷினுக்குப் பதிலாக 9 கிலோவாட்டில் இரண்டு வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து எட்டு மணி நேரத்தில் நாள் முழுத் தேவையையும் முடித்துவிடும். ஒன்று பழுதானால் சர்வீஸ் ஆள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வருகிற வரை மற்றது பாதி லாட்ஜையாவது தாங்கும். பனி நீக்கும் வசதி அந்த மாடலில் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சமவெளிக்கென்று வரும் மாடல்கள் சிலவற்றில் அது இருக்காது.

சோலார் பற்றிக் கேட்டால் எனக்கு அதன் மேல் வெறுப்பு இல்லை, பாதி வருடத்துக்கு அது கிட்டத்தட்ட இலவசம். ஆனால் நீலகிரியில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும். ஜூன் தொடங்கி நவம்பர் வரை வாரக்கணக்கில் மூட்டம் நிற்கும். ஏப்ரல், மே சீசனில் நன்றாக வேலை செய்யும். டிசம்பர், ஜனவரியில் பகல் வெயில் பளிச்சென்று இருக்கும், ஆனால் இரவில் உறைபனி. வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடேற்றும் தட்டை வடிவ கலெக்டரில் உள்ள செம்புக் குழாய் உறைந்து வெடிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காற்று ஒன்றிரண்டு டிகிரி இருந்தால்கூட, திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகடு அதைவிடக் குளிர்ந்துவிடும். கண்ணாடிக் குழாய் வகைக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் குரங்கு வந்து குதித்தால் குழாய் போகும், மேலே வலை கட்ட வேண்டும். 2,000 லிட்டருக்குச் சுமார் 30 சதுர மீட்டர் கலெக்டர் வேண்டும். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாமல் வைக்க மாடியில் அதைவிட நிறைய இடம் போகும்.

கேஸ் ஹீட்டர் வேகமானது, பனியில் அதன் பலன் குறையாது, மெஷினும் சின்னது. அதனால்தான் பலர் மயங்குகிறார்கள். நிரம்பிய நாளில் உங்களுக்கு 14 கிலோ கேஸ் ஆகும், அதாவது 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரில் முக்கால் சிலிண்டர். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருக்கும். பர்னரும் தகட்டில் எழுதியிருக்கும் சக்தியில் ஏறக்குறைய அவ்வளவு குறைவாகத்தான் தரும், அந்த உயரத்துக்கு ஏற்றபடி அதைச் சரி செய்யவும் வேண்டும். குளிர் காலையில் சிலிண்டருக்கு உள்ளே இருக்கும் திரவம் வேகமாக ஆவியாகாது. சிலிண்டரின் அடிப்பாதியில் வெள்ளையாகப் பனி பூத்து, தீ நடுங்கி அடங்கும். உடனே ஊழியர் சுடு தண்ணீரை எடுத்து சிலிண்டர் மேல் ஊற்றுவார். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். சிலிண்டர் எண்ணிக்கையைக் கூட்டி ஒன்றாக இணைப்பதுதான் சரியான வழி. இன்னொன்று, கேஸ் ஹீட்டரை எந்தக் காரணத்துக்காகவும் குளியலறைக்குள்ளோ, அறைகளோடு ஒட்டிய அடைத்த பகுதியிலோ வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எரிச்சலும் கிடையாது. குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் ஊரில் அது ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். வெளிச்சுவரில், திறந்த காற்றில் மட்டும் மாட்டுங்கள்.

ஆக என் யோசனை: இரண்டு ஹீட் பம்ப், ஆயிரம் லிட்டரில் இரண்டு டேங்க், டேங்குக்குள் அவசரத்துக்கு ஒரு மின் காயில். மாடியில் இடமும் கையில் பணமும் மீதி இருந்தால் ஹீட் பம்புக்கு முன்னால் ஆயிரம் லிட்டர் சோலார். அதில் சூடான தண்ணீர் 30 டிகிரியாக வந்தாலும் சரி, 50-ஆக வந்தாலும் சரி, மீதியை ஹீட் பம்ப் ஏற்றிக்கொள்ளும். உங்கள் மாடி எனக்குத் தெரியாததால் சோலார் பகுதியை மட்டும் நான் உறுதியாகச் சொல்லவில்லை. மற்றதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பின்பக்கம் தனியாக ஆறு அறை பிளாக் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இதில் சேர்க்காதீர்கள். அத்தனை தூரம் பைப் இழுப்பதற்குப் பதிலாக அங்கே 25 லிட்டர் கீசரே இருக்கட்டும். ஆறும் சேர்ந்து 12 கிலோவாட்தான், மெயின் தாங்கும். அந்த ஆறு அறையை நான் மேலே கணக்கில் கழிக்கவில்லை, அது உங்களுக்குக் கைக்காவல்.

இனி பைப். இதைத்தான் நான் கூடுதலாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் மூன்று கொட்டேஷனிலும் இது ஒரே வரியாக "பிளம்பிங் தனி" என்று இருக்கும். ஒரு அங்குல பைப்பில் மீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். டேங்கிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கும் அறையில் குழாயைத் திறந்தால் முதலில் 15 லிட்டர் ஆறிப்போன தண்ணீர் வரும். விருந்தாளி மூன்று நிமிடம் பார்ப்பார், வெந்நீர் வரவில்லை என்று கீழே போன் செய்வார். இதற்கு ரிட்டர்ன் லைன் வேண்டும். கடைசி அறையிலிருந்து ஒரு சின்ன பைப் டேங்குக்குத் திரும்பி வர, ஒரு சின்ன பம்ப் தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பம்பை டைமரில் போட்டு காலை ஐந்திலிருந்து பத்து, மாலை ஆறிலிருந்து பத்து மட்டும் ஓட்டினால் போதும்.

ரிட்டர்ன் லைன் போட்டுவிட்டு பைப்புக்குக் காப்பு போடாமல் விட்டால் போச்சு. 60 டிகிரித் தண்ணீர் ஓடும் வெற்று ஒரு அங்குல பைப், உங்கள் ஊர்க் குளிரில் மீட்டருக்கு 50 வாட் அளவுக்குச் சூட்டை வெளியே விடும். போக வர 60 மீட்டர் என்றால் 3 கிலோவாட். நாள் முழுக்க ஓடினால் 72 யூனிட் சூடு, நிரம்பிய நாளின் தேவையில் பாதி. வெளிச்சுவரைச் சூடாக்க நீங்கள் கட்டும் பில் அது! அதே பைப்பின் மேல் 25 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் உறை போட்டால் இழப்பு நான்கில் ஒரு பங்குக்கு வந்துவிடும். வெளியில் ஓடும் இடத்தில் அதற்கு மேல் அலுமினியத் தகடு சுற்றுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் இரண்டு வருடத்தில் பொடிந்துவிடும், அதற்குள் குரங்கு பிய்த்துவிடும்.

சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் வெந்நீருக்கு நன்றாகத் தாங்கும், 93 டிகிரி வரை அதற்கு மதிப்பீடு உண்டு. ஆனால் சூட்டில் நீளும். பத்து மீட்டர் நேர் பைப் பச்சைத் தண்ணீரிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். இரண்டு பக்கமும் சுவரில் இறுக்கிப் பிடித்து வைத்தால் எல்போ விரிசல் விடும். நடுவில் ஒரு வளைவு கொடுத்து, கிளாம்பில் வழுக்கிப் போக இடம் விட வேண்டும். சோலார் டேங்கிலிருந்து வெளியே வரும் முதல் இரண்டு மூன்று மீட்டர் மட்டும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது செம்பாக இருக்கட்டும். ஆள் இல்லாத வெயில் நாளில் அங்கே 93-க்குப் பக்கத்தில் போய்விடும்.

அடுத்தது வென்ட் பைப். இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். தண்ணீர் சூடானால் விரியும். ஆயிரம் லிட்டர் 12-இலிருந்து 60-க்குப் போனால் 16 லிட்டர் கூடும். மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் அமைப்பில் அந்த 16 லிட்டரும் ஆவியும் போக, டேங்க் உச்சியிலிருந்து ஒரு பைப் மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே திறந்து நிற்க வேண்டும். கொடைக்கானலில் ஒரு விடுதியில் நான் பார்த்தது இது. மேல் மாடி ஷவரில் வேகம் போதவில்லை என்று பிரஷர் பம்ப் மாட்டியிருக்கிறார்கள். உடனே வென்ட் வழியாகத் தண்ணீர் மாடியில் கொட்டியிருக்கிறது. பிளம்பர் வென்ட் வாயில் ஒரு மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் கொட்டுவது நின்றது, எல்லாருக்கும் சந்தோஷம். நான்கு மாதம் கழித்து டேங்கின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு காயில் அணையாமல் ஓடியிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது டேங்கின் தட்டையான அடிப்பக்கம் தவளை வயிறு மாதிரி உப்பி, வெளித்தகடு கிழிந்து, வெல்டிங் ஓரத்தில் சீறிக்கொண்டிருந்தது. ஓரம் கசிந்ததால் அழுத்தம் அந்த வழியே போயிற்று. கசியாமல் இருந்திருந்தால் மாடி அறைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட எனக்கு விருப்பமில்லை. நேர்மாறாகவும் நடக்கும். வென்ட் அடைத்திருக்கும்போது கீழே தண்ணீரைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே வர வழியில்லாமல் டேங்க் நசுங்கிவிடும், காலி டப்பாவை உறிஞ்சியது போல.

ஆகவே இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள். திறந்த அமைப்பு என்றால் வென்ட் திறந்தே இருக்கட்டும், டேங்குக்கு முன்னால் பம்ப் வேண்டாம், மேல்தொட்டியை உயர்த்துங்கள். பிரஷர் பம்ப் கட்டாயம் வேண்டும் என்றால் அழுத்தம் தாங்கும் டேங்க், விரிவுத் தொட்டி, அழுத்தமும் வெப்பமும் பார்த்துத் திறக்கும் பாதுகாப்பு வால்வு, இவை மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். அந்த வால்வின் வாயிலிருந்து ஒரு பைப் நேராக வடிகாலுக்கு இறங்க வேண்டும், இடையில் எந்த வால்வும் போடக் கூடாது. விற்பனையாளர் யாராவது "பாய்லர் லைசென்ஸ் வாங்க வேண்டிவரும்" என்று பயமுறுத்தினால், தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழே மட்டும் சூடாகும் கலன் இந்தியச் சட்டத்தில் பாய்லர் என்ற விளக்கத்துக்குள் வராது. லைசென்ஸ் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு வரும் ஒரு புகாரையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். "டேங்கில் 60 காட்டுது, அறையில் வெதுவெதுன்னுதான் வருது." இதற்குப் பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு அறையில் ஒரு மிக்ஸர், அதாவது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் குழாய். கைஷவரை அதன் நுனியில் மட்டும் மூடிவிட்டு, சுவரில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு திருகையும் திறந்தே விட்டிருப்பார்கள். அழுத்தம் கூடுதலான பச்சைத் தண்ணீர் அந்த மிக்ஸர் வழியாகவே வெந்நீர் லைனுக்குள் புகுந்து மாடி முழுக்கக் கலந்துவிடும். கண்டுபிடிக்க, டேங்குக்கு வரும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடிவிட்டு ஒரு அறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கலப்பு இருக்கிறது, ஒவ்வொரு அறையாக மூடிப் பாருங்கள். இதைத் தடுக்க வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே உயரத் தொட்டியிலிருந்து வர வேண்டும், மிக்ஸருக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒருவழி வால்வு வேண்டும்.

60 டிகிரி ஏன், 45-இல் வைத்தால் கரண்ட் மிச்சமாகுமே என்று கேட்பீர்கள். லெஜியோனெல்லா என்ற கிருமி 20-இலிருந்து 45 டிகிரி வரையான தண்ணீரில் நன்றாகப் பெருகும், ஷவர்த் துளியோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவைக் கொடுக்கும். டேங்க் 60, பம்ப் ஓடும்போது ரிட்டர்ன் லைன் 50-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் அது பெருக முடியாது. மழைக்காலத்தில் மூடிவைத்திருக்கும் அறைகளில் வாரம் ஒரு முறை வெந்நீர்க் குழாயைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். மறுபக்கம், 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைச் சுட்டுவிடும், குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். அதனால் அறைக்குள் வருமுன் சூட்டைத் தானே சரிசெய்யும் கலவை வால்வு போடுங்கள். 28 அறைக்கும் ஒரேயடியாக முடியாவிட்டாலும், குடும்பங்களுக்குக் கொடுக்கும் அறைகளில் முதலில் போடுங்கள்.

உங்கள் தண்ணீரைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. மலை ஊற்றுத் தண்ணீர் என்றால் பொதுவாக உப்பு குறைவு, காயிலில் சுண்ணாம்பு படியாது, ஆனால் இரும்பை அரிக்கலாம். டேங்குக்குள், இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் மெக்னீசியக் கம்பியை வருடம் ஒரு முறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். போர்வெல் அல்லது லாரித் தண்ணீர் கலக்கிறீர்கள் என்றால் கதை மாறும். ஒரு லிட்டர் பாட்டிலில் எடுத்து லேபில் கடினத்தன்மையும் பிஎச்சும் பார்த்துவிட்டு டேங்க் ஆர்டர் கொடுங்கள். அதேபோல் மாடியின் வலு. இரண்டு டேங்கும் நிரம்பினால் இரண்டே கால் டன்னுக்குக் குறையாது. கட்டடம் அப்பா காலத்துக்கும் முந்தியது என்கிறீர்கள். டேங்க் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே தூணோ, கனமான சுவரோ இருக்கிறதா என்பதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பிளம்பர் காலால் தட்டிப் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள்.

கொட்டேஷனைத் திருப்பி அனுப்பும்போது இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பச்சைத் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்த கணக்கு, 5 டிகிரிக் காற்றில் ஹீட் பம்ப் எவ்வளவு தரும் என்ற எண், மாடிக்கு மாடி தனித்தனி வால்வு, டேங்கைத் தாண்டிப் போக மாற்று வழி, வெளியே போகும் லைனிலும் ரிட்டர்ன் லைனிலும் வெப்பமானி, டேங்குக்குப் போகும் பச்சைத் தண்ணீரை அளக்க ஒரு மீட்டர், காயிலுக்குத் தனி எர்த், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான். பணத்தில் கடைசித் தவணையை, லாட்ஜ் நிரம்பிய ஒரு சனி, ஞாயிறு காலையைத் தாண்டிய பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை லாட்ஜ் நிரம்பும் காலையில் ஆறு மணிக்கு மேல்தொட்டியில் தெர்மாமீட்டர் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியில் கோடு போட்டு, ஒன்பது மணி வரை அரை மணிக்கு ஒரு முறை தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதுங்கள். அந்த மூன்று மணி நேரம் மோட்டார் ஓடக் கூடாது. அந்தத் தாளை இங்கே போட்டால், என் 64 பேர், 35 லிட்டர் என்ற ஊகத்தை எடுத்துவிட்டு உங்கள் எண்ணை வைத்து மறுபடி கணக்குப் போட்டுத் தருகிறேன்.